மின்சாரக் கிதாரின் கரகரப்பும் அதன் பரிகாரமும்

மின்சாரக் கிதார் பயில்வோர் பலரும் ஒரு காலத்தில் ஒரே முறையீட்டைச் சொல்லக் கேட்கிறோம். தந்தியை மீட்டினால் நாதம் தெளிவாக எழாமல், தகரத்தில் ஈ அகப்பட்டாற்போலக் கரகரவென்று ஓர் இரைச்சல் உடன் எழுகிறது என்பதே அம்முறையீடு. இதனைக் கேட்டவுடன் சிலர் தந்திகளை அளவுக்கு மீறி உயர்த்திவிடுகின்றனர். பின்னர் விரல் நோவு பொறாமல் பயிற்சியையே கைவிடுகின்றனர். வேறு சிலர் அரத்தை எடுத்து மெட்டுக்களை அராவிவிடுகின்றனர். அராவிய உலோகம் மீண்டும் வளராது. ஒரு திருகாணியைச் சிறிது திருப்பினால் தீரக்கூடிய குறைக்காக நல்ல வாத்தியம் ஒன்று இவ்வாறு பாழாகிறது. ஆகவே, இக்கரகரப்பு எங்ஙனம் பிறக்கிறது, அதன் காரணத்தை எங்ஙனம் அறிவது, எம்முறையில் தீர்ப்பது என்னும் மூன்றையும் இங்கே ஆராய்வோம்.

வாத்தியத்தின் உறுப்புக்கள்

எடுத்துக்காட்டுக்காக, அமெரிக்க நாட்டு பெண்டர் கம்பெனியார் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிதாரை எடுத்துக்கொள்வோம். பிற்காலத்துக் கிதார்கள் பல அதன் அமைப்பையே பின்பற்றியவை. உறுப்புக்களுக்கு நம் வீணையின் பெயர்களையே வழங்குவோம். வாசகர்களுக்கு அஃது எளிதாகும். நீண்ட கழுத்துப் பகுதி தண்டி. அதன் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கிச் செல்லும் பள்ளங்களையுடைய சிறு கட்டை மேரு. உடற்பக்கத்தில் தந்திகளைத் தாங்குவது குதிரை. மேருவுக்கும் குதிரைக்கும் இடையிலுள்ள தூரம் 25½ அங்குலம். தண்டியின்மேல் குறுக்காகப் பதிந்துள்ள உலோகக் கம்பிகளே மெட்டுக்கள்.

வீணையின் 24 மெட்டுக்களும் மெழுகின்மேல் அமர்ந்திருப்பவை. ஒன்று இடம் மாறினால் மெழுகை இளக்கி மீண்டும் அமைக்கலாம். கிதாரின் மெட்டுக்களோ மரத்தில் அறுத்த பள்ளங்களுள் அறைந்து இறுக்கப்பட்டவை. எளிதில் பெயர்த்து வைத்தற்கு உரியன அல்ல. அவை பெரும்பாலும் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகத்தால் ஆனவை. அவற்றின் உயரம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. இவ்வளவு சிறிய முதலை அரத்துக்கு இரையாக்கும் முன்னர்ப் பன்முறை சிந்திக்க வேண்டுமென்பது இதனாலேயே விளங்கும்.

கரகரப்பின் இயல்பு

மீட்டிய தந்தி அசையும்போது, அதன் இரு முனைகளும் நிலையாக நிற்க, நடுவிடமே மிக அகலமாக ஆடுகிறது. அவ்வாட்டத்தின் வடிவம் நீண்டதோர் இலையை ஒக்கும். ஆடும் தந்தி வழியிலுள்ள ஒரு மெட்டின் தலையைத் தொடுமானால், ஒவ்வோர் ஆட்டத்திலும் அதன்மேல் மோதுகிறது. அம்மோதலின் ஓசையே கரகரப்பு. தந்தி தாழ்ந்திருந்தாலும், மெட்டு உயர்ந்திருந்தாலும், ஆட்டம் மிகுந்தாலும் இது நேரும். காரணங்கள் பலவாயினும் அவையனைத்தும் இம்மூன்றனுள் அடங்கும்.

தம்பூராவில் குதிரையின்மேல் தந்திக்கடியில் நூலிழையை வைத்து, தந்தி அகன்ற பரப்பை மெல்லத் தொட்டுத் தொட்டு அசையுமாறு செய்கிறோம். அங்கே அத்தீண்டல் நாதத்திற்கு உயிராகிறது. ஓரிடத்தில் வேண்டிப் பெறும் செயலே மற்றோரிடத்தில் குற்றமாகிறது. கிதாரில் தீண்டல் வேண்டாத இடத்தில் நேர்ந்து, நாதத்தின் ஆயுளைக் குறைத்துவிடுகிறது.

முதலில் நீக்கவேண்டிய ஐயங்கள்

கேட்கும் இரைச்சல் உண்மையில் மெட்டினின்று எழுவதுதானா என்று முதலில் தெளிய வேண்டும். தந்திகளை உள்ளங்கையால் அமர்த்திய பின்னும் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்ற முழக்கம் தொடருமானால், அது மின்சாரக் குறையேயன்றி மெட்டின் குறையன்று. தளர்ந்த திருகாணி, பிரடையைப் பிடிக்கும் மரை, உடலின் பின்புறத்துக் குழியிலுள்ள சுருள்வில்கள் ஆகியனவும் தந்தியின் அதிர்வுக்கு உடனதிர்ந்து ஒலிப்பதுண்டு. ஒருவர் மீட்டிக்கொண்டிருக்க மற்றொருவர் இவற்றை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பாராயின், குற்றவாளி எதுவென்பது வெளிப்படும்.

அடுத்து, வாத்தியத்தை ஒலிபெருக்கியோடு இணைத்துக் கேட்டல் வேண்டும். மின்சாரக் கிதாரில் நாதத்தை வாங்குவது பிக்கப் என்னும் காந்தச் சுருள். எஃகுத் தந்தி காந்தத்தின்மேல் அசைய, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. காற்றில் எழும் சிறு மோதலோசை அதில் பெரிதாகப் பதிவதில்லை. ஆகவே இணைக்காத நிலையில் சிறிது கேட்டு, இணைத்தபின் மறைந்துபோகும் கரகரப்பைப் பலர் குறையாகக் கொள்வதேயில்லை. தந்திகள் தாழ்ந்து விரலுக்கு இதமாக இருப்பதற்குத் தரும் சிறு விலை அதுவென்று விட்டுவிடுவர். இணைத்த பின்னும் கேட்பதே, அல்லது நாதத்தை இடையில் அடக்குவதே, பரிகாரம் தேட வேண்டியது.

மூன்றாவதாக, வாசிப்பவர் தம் கையையும் சோதிக்க வேண்டும். விரலை மெட்டுக்கு மிக அருகில், அதன் பின்னே வைத்து அழுத்துதல் முறை. இரு மெட்டுக்களுக்கு நடுவே மெல்ல அழுத்தினால் தந்தி நன்கு அமராது கரகரக்கும். அளவுக்கு மீறி வன்மையாக மீட்டினாலும் அவ்வாறே.

இடத்தைக் கொண்டு காரணத்தை அறிதல்

இவ்வையங்கள் நீங்கிய பின், ஒவ்வொரு தந்தியையும் முதல் மெட்டிலிருந்து கடைசி மெட்டு வரை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒரே அளவான வன்மையோடு மீட்டி, கரகரக்கும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறிப்பே நோயாளியின் நாடி போன்றது. அதனை வாசிக்கும் முறை வருமாறு.

விரல் வைக்காத தந்தி மட்டும் கரகரத்து, எம்மெட்டில் அழுத்தினாலும் தெளிவாக ஒலிக்குமாயின், மேருவிலுள்ள பள்ளம் ஆழமாகிவிட்டது என்க. முதல் ஐந்தாறு மெட்டுக்களில் கரகரப்பு மிகுந்து, மேலே செல்லச் செல்லக் குறையுமாயின், தண்டி தனக்குரிய குழிவை இழந்து நேராகவோ பின்புறமாகவோ வளைந்துள்ளது. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலேயே மிகுதியாயின், தண்டியின் குழிவு மிகுந்துவிட்டது, அல்லது உடலோடு சேருமிடத்தில் தண்டி மேல்நோக்கி எழும்பியுள்ளது. எங்கும் ஒரேபடியாகக் கரகரப்பின், குதிரையில் தந்திகள் தாழ்ந்துள்ளன. ஓரிரண்டு இடங்களில் மட்டும் கரகரத்து மற்றெங்கும் தெளிவாயிருப்பின், அழுத்திய மெட்டு தேய்ந்துள்ளது, அல்லது அதற்கடுத்த மெட்டு எழும்பியுள்ளது.

பரிகார முறை

பரிகாரத்தில் ஒரு வரிசை உண்டு. செய்ததை எளிதில் மாற்றிக்கொள்ளக்கூடியவற்றை முதலிலும், மாற்ற இயலாதவற்றை இறுதியிலும் செய்ய வேண்டும். இவ்வரிசையை மறவாதிருத்தலே இக்கட்டுரையின் சாரம்.

முதலாவது, தந்திகள். பழைய தந்தி துருவும் அழுக்கும் ஏறிச் சீராக அசையாது. மெல்லிய தந்தி இழுவை குறைந்து அகலமாக ஆடும். சுருதியைத் தாழ்த்தி வைப்பினும் அதுவே விளையும். 0.010 அங்குலத்திலிருந்து 0.046 அங்குலம் வரை கனமுள்ள ஆறு தந்திகளும் உரிய சுருதியில் நிற்கும்போது தண்டியை இழுக்கும் விசை ஏறத்தாழ 100 பவுண்டாகும். இவ்விழுவையில் தண்டி வளைவதால், புதுத் தந்தி பூட்டிச் சுருதி கூட்டிய பின்னரே எதனையும் அளக்க வேண்டும்.

இரண்டாவது, தண்டியின் குழிவு. தந்தியின் ஆட்டம் நடுவில் அகலமாதலின், அதற்கு இடங்கொடுக்கத் தண்டியும் நடுவில் மிகச் சிறிது குழிந்திருத்தல் வேண்டும். இதனைச் சீர்செய்வதற்காகவே தண்டியினுள் எஃகுக் கம்பி ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. கிப்ஸன் கம்பெனியைச் சார்ந்த தாடியஸ் மக்ஹியூ என்பவருக்கு இவ்வமைப்புக்காக 1923-இல் காப்புரிமை கிடைத்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒரே மரத்தாலான மேப்பிள் தண்டியில், கம்பியைப் பின்புறமாக உள்ளே வைத்து, அப்பள்ளத்தைக் கருமை படர்ந்த வால்நட் மரத்தால் மூடியிருப்பதை இன்றும் காணலாம்.

குழிவை அளக்கும் விதம் இது: முதல் மெட்டில் கேப்போ என்னும் பிடியை மாட்டி, தண்டி உடலோடு சேருமிடத்து மெட்டில் ஆறாந் தந்தியை விரலால் அழுத்த வேண்டும். இப்போது தந்தியே ஒரு நேர்கோலாகிறது. எட்டாம் மெட்டின் தலைக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். 9½ அங்குல வட்டவாரையுள்ள விரற்பலகைக்கு 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர், ஏற்றது. இடைவெளி இதனினும் குறைந்தால் கம்பியை இடஞ்சுழியாகத் தளர்த்த வேண்டும்; மிகுந்தால் வலஞ்சுழியாக இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. ஒவ்வொரு முறையும் சுருதி கூட்டி மீண்டும் அளக்க வேண்டும். திரும்ப மறுக்கும் கம்பியைப் பலவந்தம் செய்தால் அது முறிந்துபோகும். அங்கே நிறுத்திக்கொண்டு கைதேர்ந்தவரிடம் காட்டுதலே அறிவுடைமை. மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் இழந்தும் வடிவு மாறுவதால், பருவம் மாறும்போது இவ்வளவையும் மாறக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவது, குதிரையின் உயரம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு தாங்கியும், அதில் இரண்டு நுண்ணிய திருகாணிகளும் உள. பதினேழாம் மெட்டில் தந்தியின் அடிக்கும் மெட்டின் தலைக்கும் 4/64 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர், இருத்தல் பொதுவான அளவு. வன்மையாக வாசிப்போருக்கு இன்னும் சிறிது வேண்டும். இரண்டு திருகாணிகளையும் சமமாகத் திருப்பி, தாங்கி சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயரம் மாறினால் சுருதிச் சுத்தமும் சிறிது மாறுமாதலின், பன்னிரண்டாம் மெட்டில் அதனைப் பின்னர்ச் சரிபார்த்தல் அவசியம்.

இவ்விடத்தில் மின்சாரக் கிதாருக்கே உரிய நுட்பம் ஒன்றுண்டு. பிக்கப்பின் காந்தம் தந்திக்கு மிக அருகில் இருப்பின், அது தந்தியைத் தன்பால் இழுத்து ஆட்டத்தைக் குலைக்கும். மேல் மெட்டுக்களில் தடித்த தந்திகள் நடுங்கி, இரண்டு சுருதி ஒருங்கே கேட்பதுபோலத் தோன்றும். தந்தி மெட்டில் உரசவுங் கூடும். மெட்டைக் குறைகூறுமுன் பிக்கப்பின் திருகாணியைத் திருப்பிச் சிறிது தாழ்த்திப் பார்க்க வேண்டும். கடைசி மெட்டில் அழுத்திய தந்திக்கும் காந்தத்திற்கும் சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும்.

நான்காவது, மேரு. மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்தி, முதல் மெட்டின்மேல் நோக்குக. அங்கே மயிரிழையளவு இடைவெளி தெரிதல் வேண்டும். தந்தி முதல் மெட்டில் படிந்தே கிடக்குமாயின் பள்ளம் ஆழமாகிவிட்டது. மேருவைக் கழற்றி அதனடியில் மெல்லிய தகட்டை வைத்து உயர்த்தலாம். எலும்புப் பொடியையும் பசையையும் கொண்டு பள்ளத்தை நிரப்பி மீண்டும் அறுக்கலாம். எல்லாவற்றினும் சிறந்தது புதிய எலும்பு மேரு வைத்தல்.

இறுதியாக, மெட்டுக்கள். குறுகிய நேர்கோல் ஒன்றை அடுத்தடுத்த மூன்று மெட்டுக்களின்மேல் வைக்க, அது தராசுக்கோல்போல் இருபுறமும் ஆடுமாயின் நடு மெட்டு உயர்ந்துள்ளது. அது பள்ளத்தினின்று எழும்பியதாயின், சிறு சுத்தியால் மெல்லத் தட்டி, வேண்டுமாயின் பசையிட்டு அமர்த்திவிடலாம், அராவ வேண்டுவதில்லை. பல மெட்டுக்கள் தேய்ந்து ஏற்றத்தாழ்வாக உள்ளபோதுதான் அரத்துக்கு வேலை. அப்போதும் தண்டியை முற்றும் நேராக்கி, நீண்ட சமனான அரத்தால் எல்லா மெட்டுக்களையும் ஒரு மட்டமாக்கி, தட்டையான தலைகளை மீண்டும் உருட்டி, மெருகேற்ற வேண்டும். ஒரு மெட்டை மட்டும் அராவினால் அது தாழ்ந்து, அதில் விரல் வைக்குங்கால் அடுத்த மெட்டு கரகரக்கும். அதனையும் அராவ, குறை மேலும் மேலும் நகர்ந்துகொண்டே போகும். இத்தொழிலைப் பழகியவரிடம் விடுவதே நலம். அராவ உலோகம் எஞ்சாதபோது புது மெட்டுக்கள் பதிப்பதொன்றே வழி.

முடிவுரை

மேற்கூறிய ஐந்து படிகளில் முதல் மூன்றும் எவரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்கவை. வேண்டிய கருவிகளும் சிலவே: ஓர் அளவுகோல், தக்க சாவிகள், திருப்புளி, மெல்லிய அளவுத்தகடுகள், சிறிது பொறுமை. பெரும்பாலான கரகரப்பு அம்மூன்று படிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பயனைக் கேட்டறிந்து, பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை விளைந்ததென்று அறிய வழியில்லை.

நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருந்தை நாடவேண்டுமென்று வள்ளுவனார் மருத்துவர்க்கு வகுத்த நெறி, ஊமை வாத்தியத்துக்கும் முற்றும் பொருந்துவதாம். வாத்தியம் தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. எனினும் எவ்விடத்தில் கரகரக்கிறதோ அவ்விடத்தைக் கொண்டு காரணத்தை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதனைச் செவிசாய்த்துக் கேட்போமாக. கேட்டபின் கை வைப்போமாக.