கல்லூரி வாசல் ஆறாம் வகுப்பிலே திறக்கிறது!

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் நாளில்தான் பல வீடுகளில் "பையனை மேலே என்ன படிக்க வைப்பது?" என்ற பேச்சு எழுகிறது. மார்க்குப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் யோசனை கேட்கிறார்கள். அதற்குள் காலம் கடந்து விடுகிறது.

மேற்படிப்புக்கு உதவும் சில வாசல்கள், பிள்ளை ஆறாம் வகுப்பில் காலடி வைக்கும்போதே திறக்கின்றன. அப்போது தவற விட்டால், பிறகு எத்தனை மார்க்கு வாங்கினாலும் அவை திறப்பதில்லை. இந்த விஷயம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது.

எருமப்பட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் இது. இந்த வட்டாரத்து மக்களுக்குப் பிழைப்பு தோட்டம் காடு, கோழிப்பண்ணை, லாரித் தொழில். லாரி ஓட்டும் தகப்பனார் வீட்டில் இருக்கும் நாட்கள் கொஞ்சம். பண்ணை வேலைக்குப் போகும் தாயாருக்கு ஓய்வு ஏது? "நாம் பட்ட கஷ்டம் நம் பிள்ளை படக்கூடாது" என்ற ஆசை மட்டும் இருவருக்கும் குறைவில்லை. அந்த ஆசையில்தான் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். தனியார் பள்ளிகளுக்குப் பெயர் போன மாவட்டம் அல்லவா இது!

தனியார் பள்ளியில் சேர்ப்பது குற்றமல்ல. வசதி உள்ளவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

ஏழரை சதவீதம்

அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரியில் ஏழரை சதவீத இடங்களை ஒதுக்கி, 2020-ம் ஆண்டில் தமிழக அரசு சட்டம் செய்தது. நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு இந்த இடங்கள் கிடைக்கும். முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகள் டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள். 2021-ல் பொறியியல், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே சலுகை வந்தது. இப்படி இடம் பெற்றுத் தொழிற்கல்வி படிக்கும் மாணவர்களின் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கும் என்றும் அந்த ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓரிரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய் வந்தாலும் உரிமை போய்விடும். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாவது வரை படித்து, ஒன்பதாவது முதல் அரசாங்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

ஏழாவது, எட்டாவதைத் தனியார் பள்ளியில் படிக்க வைத்து, கட்டணம் கட்ட முடியாமல் திரும்ப அழைத்து வரும் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். கடனும் மிச்சம்; சலுகையும் இல்லை!

மாதம் 1,000 ரூபாய் உதவித் தொகைக்கும் ஏறக்குறைய இதே விதிதான். கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகியவற்றில் சேரும் பெண்களுக்காகப் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்காகத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றிலும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவற்றில் இடம் உண்டு.

எட்டாவதில் ஒரு பரீட்சை

நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்து விடும். "இனி எங்கே?" என்று வீட்டில் யோசிக்கும் கட்டம் அது. சில பெண் பிள்ளைகளின் படிப்பு நின்று போவதும் அந்தக் கட்டத்தில்தான்.

அந்த வகுப்பில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று அதற்குப் பெயர். 2008-ல் மத்திய அரசு தொடங்கிய உபகாரச் சம்பளத் திட்டம் இது. அரசாங்கப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் எட்டாவது படிக்கும் மாணவர்கள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. ஏழாவதில் 55 சதவீத மார்க்கு வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு 50 சதவீதம் போதும்.

தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் ஆண்டுக்கு 6,695. தேறியவர்களுக்கு ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய்! மகளின் படிப்பை நிறுத்தலாமா என்று தயங்கும் வீட்டில் இந்தத் தொகை பெரிய துணை.

வினாத்தாளில் 90 கேள்விகள் புத்திக் கூர்மையைப் பார்க்கும். 90 கேள்விகள் பாடத்தைப் பார்க்கும். பரீட்சைக்கு முதல் வாரம் புத்தகத்தைத் தூக்கினால் பலிக்காது. ஏழாவதிலேயே பழகத் தொடங்க வேண்டும்.

எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம்?

பதினோராம் வகுப்பில் 'குரூப்' எடுப்பது இன்னொரு கண்டம். பொறியியலுக்குக் கணக்கு வேண்டும். டாக்டருக்கும் கால்நடை டாக்டருக்கும் உயிரியல் வேண்டும். "சிநேகிதன் எடுத்தான், நானும் எடுத்தேன்" என்று சேர்ந்து விட்டுப் பின்னால் தவிப்பவர்கள் உண்டு. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, டிப்ளமா வாங்கி, பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இருக்கிறது.

எருமப்பட்டிப் பிள்ளைகளுக்குக் கோழி வளர்ப்பு தெரியாத தொழில் அல்ல. ஆனால், கோழிக்கு நோய் வந்தால் பார்க்கும் டாக்டர்களை உருவாக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் நாமக்கல்லிலேயே இயங்கி வருவதை எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை ஒருமுறை பஸ் ஏற்றி அழைத்துப் போய் இந்தக் கட்டிடங்களைக் காட்டினாலே போதும். "நாமும் இங்கே படிக்கலாம்" என்ற எண்ணம் மனதில் விழுந்து விடும்.

பணம் மட்டும் போதுமா?

சலுகை இருந்தால் மட்டும் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடாது. இதற்கு அமெரிக்காவில் ஒரு அத்தாட்சி இருக்கிறது.

நியூயார்க் நகரில் ஹார்லெம் என்பது ஏழைகள் நிறைந்த பகுதி. அங்கே தாம் படித்த பள்ளிக்கு யூஜின் லாங் என்ற செல்வந்தர் 1981-ல் பேசப் போனார். ஆறாம் வகுப்பு முடித்த 61 பிள்ளைகள் எதிரே இருந்தார்கள். "நீங்கள் உயர்நிலைப் பள்ளியை முடித்தால் கல்லூரிச் செலவு என்னுடையது" என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார். வாக்கு மட்டும் போதாது என்பதைச் சீக்கிரமே கண்டு கொண்டார். பிள்ளைகளின் வீடு தேடிப் போய்க் கஷ்ட நஷ்டங்களைக் கேட்கவும், படிப்பைக் கவனிக்கவும் ஓர் ஆளை நியமித்தார். தாமும் அவர்களோடு தொடர்பு வைத்திருந்தார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் கல்லூரிக்கும் போனார்கள்.

எருமப்பட்டிக்குக் கோடீசுவரர் வரவேண்டியதில்லை. ஊரில் முதலில் பட்டம் வாங்கிய அண்ணன், அக்காள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். வாரத்தில் ஒரு மாலை ஏழாவது, எட்டாவது பிள்ளைகளோடு உட்கார்ந்தால், அந்த வேலையை இவர்களே செய்யலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பிள்ளையின் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்கி வையுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து விடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-ல் ஏற்பட்டது. அதற்கும் தாசில்தார் அலுவலகச் சான்று வேண்டும்.

பள்ளியை மாற்றுவதற்கு முன் தலைமை ஆசிரியரைப் பார்த்து, "மாற்றினால் எந்தச் சலுகை போகும்?" என்று கேளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் கேட்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையையும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய்?" பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பதில் நாளைக்கே மாறலாம். மாறட்டும். தன் படிப்பைப் பற்றி வீட்டில் யோசிக்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரிதான்.