தெளிந்த நீரும் மெலிந்த மீனும்

வகுப்பிலே மட்டிகள் நீரை வடித்து உணவுகொள்ளும் முறையை விளக்கிக்கொண்டிருந்தோம். வளர்ந்த வரிக்குதிரை மட்டியொன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரை வடிக்க வல்லது என்று சொன்னதும், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, அவற்றில் ஒரு கூடை கொண்டுவந்து நமது குளத்தில் விட்டால் நீர் பளிங்குபோல் ஆகிவிடுமல்லவா?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்கோ அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய வினாவாகத் தோன்றவில்லை. தெளிந்த நீர் நல்ல நீர் என்பது நம்மெல்லோர் மனத்திலும் ஊறிய எண்ணமன்றோ?

இம்மட்டியின் பிறப்பிடம் கருங்கடலையும் கஸ்பியன் கடலையும் சார்ந்த நீர்நிலைகளாகும். பெரும்பாலும் பெருவிரல் நகமளவே இருக்கும். ஓட்டிலே கருவரிகள் ஓடுவதால் இப்பெயர் பெற்றது. சரக்கின்றி வரும் கப்பல்கள் நிறைக்காக ஏற்றிக்கொள்ளும் நீரிலே இதன் நுண்ணிய குஞ்சுகள் கடல் கடந்தன என்பது அறிஞர் கொள்கை. 1988ஆம் ஆண்டில் கனடாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள சென் கிளேயர் ஏரியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே இதன் உறவினமாகிய குவாகா மட்டியும் ஈரி ஏரியிற் காணப்பட்டது.

மட்டி நீரை வடிப்பது எங்ஙனம்? அதன் உடலில் இரு குழாய்கள் உள. ஒன்றினால் நீர் உட்செல்லும், மற்றதனால் வெளியேறும். நடுவே உள்ள செவுள்களில் மயிரினும் நுண்ணிய பிசிர்கள் இடையறாது அசைந்து நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. நீரில் மிதக்கும் நுண்பாசிகள் செவுளிற் சிக்கி வாயை அடைகின்றன. வேண்டாதவற்றை மட்டி சீதத்தில் உருட்டி, விழுங்காமலே வெளியே தள்ளிவிடும். இந்தத் 'தள்ளுபடி' வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக; பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

அளவறிந்த பாசிநீரிலே மட்டியை இட்டு, குறித்த நேரத்திற்குள் பாசி எவ்வளவு குறைகின்றது என்று கணக்கிடுவதே அறிஞர்கள் கையாளும் முறை. இவ்வேகம் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. மிதமான வெப்பநிலையில் வரிக்குதிரை மட்டி சுறுசுறுப்பாக வடிக்கும். நீர் 30 பாகையை நெருங்கும்போது தளர்ந்துவிடும். குவாகா மட்டியோ 4 பாகைக் குளிரிலும், ஏரியின் ஆழத்திலும் தொழில் செய்ய வல்லது. நீரிற் சேறு மிகுந்தால் வடிக்கும் வேகம் குறைந்து, தள்ளுபடி கூடும். காற்றும் அலையுமின்றி நீர் அசையாது கிடந்தால், அடியிலுள்ள மட்டி தன்னைச் சூழ்ந்த நீரையே மீண்டும் மீண்டும் வடித்துக்கொண்டிருக்கும். ஓடு வளர்வதற்குக் கல்சியமும் வேண்டும். அது குறைந்த சுப்பீரியர் ஏரி இம்மட்டிகளின் படையெடுப்பிலிருந்து பெரும்பாலும் தப்பியது.

ஏற்ற நிலைமைகள் வாய்த்தால் நேர்வது என்ன? நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் நதியில் 1991இல் இம்மட்டி தோன்றியது. 1992 இறுதிக்குள் நதியின் நன்னீர்ப் பகுதி நீர் முழுவதையும் கோடைகாலத்தில் சில நாட்களுக்குள் வடித்துவிடுமளவுக்குப் பெருகியது. மிதக்கும் நுண்பாசி நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அருகியது. மிச்சிகன் ஏரியிலோ, குளிர்காலத்திலும் வசந்தத்திலும் நீர் மேலும் கீழுமாய்க் கலக்கும் வேளையில், அடியிலிருந்த குவாகா மட்டிகளுக்கு மேல்நீரின் பாசியும் எட்டியது. ஆண்டுதோறும் தழைத்த வசந்தகாலப் பாசி வளம் மங்கிப்போயிற்று. நீர் தெளிந்தது; மீன்களின் பந்தியோ வெறுமையாயிற்று. இறாலை ஒத்த டைப்பொரியா என்னும் சிற்றுயிர் ஏரியின் பெரும்பகுதியில் அருகியது. அதனை உண்டு கொழுத்த வெண்மீன்கள் மெலிந்தன. அம்மீனை நம்பி வலை வீசியவர்களுக்கு, தெளிந்த நீர் மகிழ்ச்சி தரவில்லை.

இனித் தள்ளுபடிக்கு வருவோம். மைக்குரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியிலே நஞ்சுடைய வகைகள் உள. ஈரி ஏரியையும் ஹியூரன் ஏரியின் சகினாவ் குடாவையும் பற்றி 2001இல் வெளியான ஆய்வொன்று, மட்டிகள் நல்ல பாசியை உண்டு, இப்பாசித் திரள்களை உயிரோடு நீரிலே திருப்பிவிடுவதை எடுத்துக் காட்டியது. போட்டியாக வளரும் பாசிகள் ஒழிய, நஞ்சுப் பாசிக்கு இடம் அகலமாகின்றது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரிக்கரையிலுள்ள தொலிடோ நகரத்துக் குடிநீரில் இப்பாசியின் நஞ்சு காணப்பட்டது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குழாய்நீரை அருந்த வேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. வயல்களிலிருந்து வடிந்த உரப் பொசுபரசே அதற்குத் தலைமைக் காரணம் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் மட்டிகளும் அப்பாசிக்குத் துணைபோகின்றன என்பது ஆய்வாளர் கருத்து.

ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறிய விடை இது: "தம்பி, மட்டி நீரிலிருந்து எடுப்பது அழுக்கை மட்டுமன்று. மீன்குஞ்சு உண்ணும் உணவையும் அது எடுத்துக்கொள்கின்றது. நஞ்சை மிச்சம் வைத்துவிடவும் கூடும். ஒரு பெண்மட்டி ஓராண்டில் பத்து இலட்சம் வரை முட்டையிட வல்லது. பேரேரி ஒன்றிற் குடிபுகுந்த மட்டிகளை முற்றாக அகற்றும் வழியை இன்றுவரை எவரும் கண்டிலர். கூடையிற் கொண்டுபோய் விடுவதை, கூடையால் அள்ளிவிட முடியாது."

மாணவர் சற்று யோசித்தார். "அப்படியானால், ஐயா, குளத்து நீர் சிறிது பச்சையாய் இருப்பதும் நல்லதுதானா?" என்றார்.

"அளவோடு இருந்தால் நல்லதே. அப்பச்சைதான் மீனுக்குச் சோறு," என்றோம். இம்முறை வகுப்பிலே எவரும் சிரிக்கவில்லை.