காரை 3 சென்டிமீட்டர் இறக்க 1.5 லட்சம்: கணக்கு எங்கே இடிக்குது?

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி, ஃபார்ம் 16 கூடவே இன்னொரு பேப்பரையும் நீட்டினார். கார் மாடிஃபிகேஷன் கடையோட கொட்டேஷன். காயில்ஓவர் கிட் 1,32,000 ரூபாய், ஃபிட்டிங் 14,000, அலைன்மென்ட் 4,000. மொத்தம் 1.5 லட்சம்.

"அண்ணா, பர்சனல் லோன் 15 சதவீதத்துல ரெடியா இருக்கு. எடுக்கலாமா?"

தம்பிக்கு ஓ.எம்.ஆர்-ல ஐடி வேலை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வயசு பத்துக்கு மேல. தினமும் அதுலதான் ஆபீஸ். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல தெரியற இடைவெளி அவரோட கண்ணை உறுத்துது. அதை 30 மில்லிமீட்டர் குறைக்கணும், அவ்வளவுதான்.

சிரிக்காதீங்க. எனக்கும் கார் பைத்தியம் உண்டு, அதனால "வேண்டாம்ப்பா, எஸ்.ஐ.பி போடு"ன்னு சொல்லி அனுப்பிட மனசு வரல. கணக்கு போட்டுப் பார்த்தோம்.

முதல்ல லோன். 1.5 லட்சம், 24 மாசம், 15 சதவீதம்னா இஎம்ஐ சுமார் 7,273 ரூபாய். வட்டி மட்டும் 24,500-ஐ தாண்டுது. இது சுலபமான பகுதி, எந்த ஆப்-லயும் தெரிஞ்சிடும். கொட்டேஷன்ல இல்லாத செலவுதான் விஷயமே.

காயில்ஓவர்னா என்ன? ஷாக் அப்சார்பர் மேலயே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், ஷாக் உடம்புல மரை போட்டிருப்பாங்க. அந்த மரையில காலரைத் திருகி கார் உயரத்தை ஏத்தலாம், இறக்கலாம். இதுலயும் ரெண்டு வகை உண்டு. ஸ்பிரிங் காலரை மட்டும் இறக்கற வகையில, உயரம் குறைய குறைய ஷாக் அமுங்கறதுக்கான இடமும் குறையும். சின்ன பள்ளத்துக்கே 'டொக்'னு ரப்பர் ஸ்டாப்பர்ல இடிக்கும். இன்னொரு வகையில ஷாக்கோட கீழ்ப்பகுதி தனியா சுழலும். உயரம் குறைஞ்சாலும் ஷாக்கோட பயணம் அப்படியே இருக்கும். தினசரி ஓட்டறவங்களுக்கு இதுதான் சரி, விலையும் இதுக்குத்தான் கூட. தம்பியோட கொட்டேஷன்ல எந்த வகைன்னே எழுதல!

அடுத்தது ஸ்பீடு பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் தரப்படி 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் இருக்கற வளைவா கட்டணும். தம்பியோட காருக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 2.5 மீட்டர். தரமான பிரேக்கர்ல ரெண்டு ஆக்ஸிலும் மேட்டு மேலயே நிக்கும். அதனால நடுவயித்துக்குக் கீழ மேடு எழும்பறது வெறும் 46 மில்லிமீட்டர்தான். ஆனா நம்ம தெருவுல இருக்கறது ரெண்டடி அகலத்துல ராத்திரியோட ராத்திரியா கொட்டின சிமென்ட் மேடு. அதே 10 சென்டிமீட்டர்தான், ஆனா சக்கரம் ரெண்டும் தரையில நிக்கும்போது முழு 100 மில்லிமீட்டரும் வயித்துக்கு வரும். டேங்க் ஃபுல்லா, ஆள் உட்கார்ந்து அளந்தா அவர் கார்ல இருந்த இடைவெளி 120. இப்போ தப்பிக்குது. 30 இறக்கினா 90. உரசும்.

உரசறது ஆயில் சம்ப்பா இருந்தா? சம்ப் உடைஞ்சதுக்கு க்ளெய்ம் கிடைக்கலாம். ஆயில் ஒழுகினது தெரியாம ஓட்டி இன்ஜின் போச்சுன்னா, அது தொடர் சேதம். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாம பொதுவா தர மாட்டாங்க. அதுக்கும் மேல, மாடிஃபிகேஷனை இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லாம இருந்தா, சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்ட ஓன் டேமேஜ் க்ளெய்மையே நிராகரிக்க அவங்களுக்கு ஒரு காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும்.

டயர் பத்தி யாரும் பேசறதில்ல. கார் இறங்கும்போது சக்கரத்தோட சாய்வும் திசையும் மாறும். திரும்ப அலைன்மென்ட் பண்ணலைன்னா டயரோட உள் ஓரம் தேயும், வெளியே நின்னு பார்த்தா தெரியாது. தம்பி காருக்கு நாலு டயர் 64,000 ரூபாய். 30,000 கிலோமீட்டர் ஓட வேண்டியது 20,000-லயே போனா, வருஷம் 12,000 ஓட்டறவருக்குக் கூடுதல் செலவு 12,800. இஎம்ஐ கட்டிட்டிருக்கும்போதே இதுவும் சேரும்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததோட முரண்படற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி பண்ணிச்சு. "ஆர்.சி-யில தரைக்கும் காருக்கும் இடைவெளி எவ்வளவுன்னு எழுதலையே"ன்னு கடைக்காரர் வாதாடுவார். வழியில நிறுத்தற ஆபீசர்கிட்ட அதை வாதாட வேண்டியது நீங்கதான். அனுமதியில்லாத மாற்றம்னு முடிவானா 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் கூட வரலாம். ஆர்.டி.ஓ ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலயும் எழுத்துல கேட்டு வாங்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கம்பெனி கார் லீஸ்ல ஓட்டறவங்க இந்தப் பக்கமே வர வேண்டாம், வண்டி உங்க பேர்லயே இல்ல.

இதெல்லாம் தாண்டியும் செய்யறதுன்னா, 30 வேண்டாம், 10, 15-ல நில்லுங்க. உயரத்தை வீல் நடுவுல இருந்து ஆர்ச் வரைக்கும் அளங்க, டயர் காத்து அளவு ஏமாத்தாது. சில வாரத்துல ஸ்பிரிங் கொஞ்சம் அமரும், அப்புறம் இன்னொரு தடவை அலைன்மென்ட். ஹெட்லைட் வெளிச்சத்தையும் சரி பார்க்கணும். ஈ.சி.ஆர் பக்கம் வீடுன்னா உப்புக் காத்துல மரை துருப்பிடிச்சு இறுகிடும், அதைக் கழுவி வெச்சிருக்கணும். கழட்டின பழைய சஸ்பென்ஷனைக் கடையிலயே விட்டுட்டு வராதீங்க. கார் விக்கும்போது காயில்ஓவருக்கு யாரும் பெருசா காசு கூட்டித் தர மாட்டாங்க, ஒரிஜினல் இருக்கான்னுதான் கேப்பாங்க.

தம்பிகிட்ட கடைசியா ஒரு கேள்வி கேட்டேன். "இப்ப இருக்கற ஷாக் எப்ப மாத்தினது?" முழிச்சார். வாங்கினதுல இருந்து மாத்தவே இல்ல. கார் ஆடறது, திருப்பத்துல சாயறது எல்லாத்துக்கும் உயரம்தான் காரணம்னு நினைச்சிட்டிருந்தார். லோன் எடுக்கல. போனஸ் வந்ததும் கம்பெனி ஸ்பெக் ஷாக்கும் புஷ்ஷும் 58,000 ரூபாய்க்கு மாத்தினார். போன வாரம் என்னை உட்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார், திருப்பத்துல கார் கெட்டியா நிக்குது. இறங்கினதும் குனிஞ்சு வீல் ஆர்ச்சைப் பார்த்துட்டு, "இந்த கேப் மட்டும்தான் அண்ணா"ன்னு பெருமூச்சு விட்டார்.