அடுத்த குழந்தை எப்போது?

கருத்தடை பற்றிக் கேட்க வரும் பெண்ணிடம் நல்ல மருத்துவர் எடுத்த எடுப்பில் மாத்திரையின் பெயரைச் சொல்வதில்லை. "அடுத்த குழந்தை வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது?" என்றுதான் முதலில் கேட்கிறார். அடுத்த ஆண்டே கருத்தரிக்க நினைப்பவருக்கும் இனிக் குழந்தையே வேண்டாம் என்பவருக்கும் ஒரே முறை பொருந்தாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமாகக் கேட்கப்பட வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். முதல் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடையே எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்துவிட்டு, நேராக ஆபரேஷனுக்குப் போகும் பெண்கள் ஏராளம். இடைவெளிக்கு உதவும் முறைகளோ அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி 380ஏ பத்து ஆண்டுகள் வரை காக்கும். அதை வைத்துக்கொண்ட நூறு பேரில் ஓர் ஆண்டில் ஒருவர்கூடக் கருத்தரிப்பது அரிது. வேண்டாம் என்றதும் எடுத்துவிடலாம். கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியும். 'அந்தாரா' ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பின்னர் வாரம் ஒருமுறையும் சாப்பிட வேண்டும்.

தினசரி மாத்திரை தவறாமல் சாப்பிடுபவரை நன்றாகவே காக்கும். ஆனால் நடைமுறையில் மறதி நேர்கிறது. ஆண்டுக்கு நூறில் ஏழு பேர் அளவுக்குக் கருத்தரிக்கிறார்கள். ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் ஒளி மின்னிப் பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், பிரசவித்து ஆறு வாரம்கூட ஆகாமல் பாலூட்டுபவர்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. அதனால்தான் ரத்த அழுத்தம் பார்க்காமல் அதை எழுதித் தரக் கூடாது.

தகவலும் வசதியும் கைக்கு எட்டினால் பெண்களின் தேர்வு எப்படி மாறும் என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007இல் தொடங்கிய 'சாய்ஸ்' திட்டம் காட்டியது. 9,256 பெண்களுக்கு எல்லா முறைகளும் விளக்கப்பட்டன. விரும்பியது இலவசமாகத் தரப்பட்டது. சுமார் 75 சதவீதம் பேர் கருப்பைச் சாதனம் அல்லது கையில் பொருத்தும் இம்ப்ளான்ட் போன்ற நீண்டகால முறைகளையே விரும்பினார்கள். மாத்திரை, ஒட்டுப்பட்டை, வளையம் ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்கள் எதிர்பாராமல் கருத்தரித்த வாய்ப்பு இவர்களைவிட இருபது மடங்கு அதிகமாக இருந்தது.

தேர்ந்தெடுத்த பிறகு, "மாதவிலக்கு வந்ததும் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவதில்தான் பலர் நழுவிப் போகிறார்கள். பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு தேவையில்லை. கடைசி மாதவிலக்கு தொடங்கி ஏழு நாள் ஆகவில்லை, பிரசவமாகி நான்கு வாரம் ஆகவில்லை, கடைசி மாதவிலக்குக்குப் பின் உறவு இல்லை என்பன போன்ற ஏதாவது ஒன்று உண்மையானாலும், கர்ப்பம் இல்லை என்று ஓரளவு உறுதியாகக் கொண்டு அன்றைக்கே தொடங்கலாம். மாதவிலக்கு நாட்கள் கடந்து ஊசியோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ தொடங்கினால், முதல் ஏழு நாட்களுக்கு ஆணுறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான். காப்பர் டி வைத்த முதல் சில மாதங்களில் ரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். அந்தாரா போட்டவருக்கு மாதவிலக்கு தாறுமாறாகி, பிறகு நின்றே போகலாம். இது தெரியாத பெண், கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டதோ என்று பயந்து அடுத்த ஊசிக்கு வராமல் போகிறார். கிராமச் சுகாதாரச் செவிலியர் இதை முன்பே விளக்கிவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

இந்தப் பேச்சில் கணவரும் உட்கார வேண்டும். தையல் இல்லாத ஆண் கருத்தடைச் சிகிச்சை சில நிமிடங்களில் முடியும். வயிற்றைத் திறக்கும் வேலையே இல்லை. உடலுறவுத் திறனும் குறையாது. அதன் பலன் முழுமையாகக் கிடைக்க மூன்று மாதமாகும் என்பதால், விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று தெரியும் வரை தம்பதியர் வேறொரு முறையையும் கையாள வேண்டும்.