நுண்மதியும் பதகளிப்பும்

நுண்மதி மிக்கோர் மனக்கலக்கத்துக்கு எளிதில் ஆளாவர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1921இல் அமெரிக்க உளநூலறிஞர் லூயிஸ் ரேர்மன் 1,500க்கு மேற்பட்ட நுண்மதிச் சிறாரை ஆராயத் தொடங்கி, உளநலத்தில் அவர்கள் ஏனையோர்க்குக் குறைந்தவரல்லர் எனக் கண்டார். (ஆசிரியர் பரிந்துரைத்த பிள்ளைகளே அவருள் மிகுதி என்பதும் நோக்கற்பாலது.) ஆயின், அச்சம் உட்புகுந்தபின் கூர்மதி அதனைக் களையுமென்பது உறுதியன்று, சிலரிடத்து அதற்குக் காரணங்களையே தேடிக்கொடுக்கின்றது.

1931இல் நிறைவின்மைத் தேற்றங்களை வெளியிட்ட தருக்க அறிஞர் கேட் கோடெல், தம் உணவில் நஞ்சு கலக்கப்படுமென அஞ்சினார். அவர்தம் அனுமானத்தில் வழுவில்லை; வழு எடுகூற்றில் இருந்தது. மனைவி அடேல் சுவைத்துக் காட்டிய உணவையே நம்பி உண்டார். 1977இல் அவ்வம்மையார் நோயுற்று வைத்தியசாலையிற் சேர்ந்தார். 1978 சனவரியிற் கோடெல் உண்ணாமையால் இறந்தபோது, அவர் உடல்நிறை ஏறத்தாழ 30 கிலோகிராம்.