தண்ணீரைக் கண்ணாடியாக்கி உயிரைப் படம் பிடிக்கிறார்கள்!

நீலசந்திரா,

காய்ச்சல் என்று போனால், நீலசந்திரா லேப்களில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மலேரியாக் கிருமி இருந்தால் தெரிந்துவிடும். கொரோனா கிருமி தெரியாது. அது ஒளியின் அலையைவிடச் சிறியது.

அவ்வளவு சிறியதையும் காட்டும் கருவி இதே பெங்களூரில் இருக்கிறது. பல்லாரி ரோடு விவசாயப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், 2017-ல் நிறுவப்பட்ட 'கிரையோ' எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான் அது.

பார்த்தாலே பொசுங்கும்

ஒளிக்குப் பதில் எலெக்ட்ரானைப் பாய்ச்சும் மைக்ராஸ்கோப்பை, 1931-ல் பெர்லினில் ரஸ்காவும் நோலும் செய்தார்கள். 1940-களில் கல்கத்தாவில் என்.என்.தாஸ்குப்தாவும் ஒன்றை உருவாக்கினார்.

ஆனால் உயிர்ப்பொருளைப் பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள். கருவிக்குள் காற்றே இருக்கக்கூடாது. அதனால் பொருளில் உள்ள தண்ணீர் ஆவியாகிவிடும். மிச்சத்தை எலெக்ட்ரான் பொசுக்கிவிடும்.

தக்காளி சொல்லும் பாடம்

உறைய வைத்தால் என்ன? ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்தால் கொழகொழவென்று ஆகிவிடுகிறது அல்லவா? மெதுவாக உறையும் தண்ணீர், ஊசி ஊசியான பனிக்கட்டியாகி உள்ளே கிழித்துவிடுவதே காரணம்.

சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டூபொஷே 1980-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். மெல்லிய நீர்ப்படலத்தை, மைனஸ் 190 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த ஈத்தேன் திரவத்தில் சட்டென்று முக்கினார். பனிக்கட்டியாக நேரமில்லாமல், தண்ணீர் கண்ணாடி போல் இறுகியது!

பொசுங்காமலிருக்க எலெக்ட்ரானைக் குறைத்தால் படம் மங்கும். ஆயிரக்கணக்கான மங்கல் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, ஒரே தெளிவான உருவம் எடுக்கும் முறையை ஃபிராங்க் வகுத்தார். 1990-ல் ஹெண்டர்சன் ஒரு புரதத்தின் அணு அமைப்பையே காட்டினார். மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சிதம்பரத்தில் பிறந்தவர்

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், உடலில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்து 2009-ல் நோபல் பெற்றவர். படிகமாக்குவதே பல வருட உழைப்பு. கிரையோவில் அந்த வேலை இல்லை. பின்னாளில் அவரது ஆய்வுக்கூடமும் இதற்கு மாறியது.

நமக்கு என்ன லாபம்?

2020 பிப்ரவரியில், கொரோனா கிருமியின் முள் எப்படி இருக்கிறது என்பதை இந்த முறையில்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். கிருமி நம் உடலைப் பற்றிக்கொள்வது அந்த முள்ளால்தான். எந்த இடத்தில் அதைத் தடுப்பது என்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹெண்டர்சன், ஃபிராங்க், வெங்கி மூவருமே முதலில் படித்தது பௌதிகம். டாக்டர் சீட் கிடைக்காத பிள்ளைக்கும் உயிரின் ரகசியத்தைக் காண வழி உண்டு!