கடல் கடந்தோர்க்குத் தூதரகம் செய்யும் பணிகள்

கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, ஒரு பழைய அட்டையைப் பெட்டியில் வைத்துப் பேணி வருகின்றன. குடும்ப அட்டை என்பது அதன் பெயர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, இலங்கையில் நாடற்றோராயிருந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரைப் பிரஜைகளாக ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுடைய விண்ணப்பங்களைப் பெற்று விசாரித்து, குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் இவ்வட்டையும் வழங்கியவை கொழும்பிலும் கண்டியிலும் உள்ள இந்திய அலுவலகங்களே. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கியவர்களுக்கு மறுவாழ்வு உதவி கிடைத்தது அந்த அட்டையைக் கொண்டுதான். 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலை பெற்றவர்களும் அவர்களுள் உளர். இத்திட்டமே 1976-இல் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

ஆகவே, தூதரகம் என்பது பட்டணத்துச் சீமான்களுக்கே உரிய விஷயம் என்ற எண்ணம் நம் மலைக்குப் பொருந்தாது. பசுந்தேயிலை விலை வீழ்ந்த காலம் முதல் நம் இளைஞர் பலர் சமவெளி நகரங்களுக்குச் செல்கின்றனர். சிலர் வளைகுடா நாடுகளுக்கும் போகின்றனர். இவர்களுக்குத் தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

காமன்வெல்த் நாடுகளில் இவ்வலுவலகம் ஹை கமிஷன் எனப்படும். பிற நாடுகளில் தூதரகம் எனப்படும். தலைநகருக்கு வெளியேயும் கான்சல் அலுவலகம் இருப்பதுண்டு. ஐக்கிய அரபு நாட்டில் தூதரகம் அபுதாபியிலும், கான்சல் அலுவலகம் துபாயிலும் உள்ளன. பாஸ்போர்ட் காலாவதியானால் புதிது தருவதும், தொலைந்தவர் ஊர் திரும்ப ஒருவழி அவசரச் சான்று தருவதும் இவற்றின் அன்றாட வேலை. அந்நிய நாட்டில் நம்மவர்க்குக் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் அங்கேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி பெற்றே பதிய இயலும். மேற்படிப்புக்குச் செல்லும் மாணாக்கரும் போய்ச் சேர்ந்தவுடன் தம் பெயரையும் விலாசத்தையும் தூதரகத்தில் பதிந்து வைப்பது நலம். போரோ பூகம்பமோ நேரும்போது, எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவரை எவ்வாறு தேடுவது?

விவசாயிகளுக்கு நேரே பயன்படுவது அதிகாரப் பத்திரம். கூட்டுப் பட்டாவில் பெயருள்ள மகன் வெளிநாட்டில் இருக்கையில், நிலத்தைப் பாகம் பிரிக்கவோ விற்கவோ நேர்ந்தால், அவர் தூதரக அதிகாரி முன் கையொப்பமிட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இனி, செய்யாதவை. தூதரகம் வேலை தேடித் தராது, கடனை அடைக்காது, அந்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றாது. எனினும், கைதான ஒருவர் கேட்டுக்கொண்டால் அச்செய்தியைத் தாமதமின்றி அவர் நாட்டுக் கான்சலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் விதி. கைதானவரைக் கண்டு பேசவும், வக்கீல் அமர்த்த உதவவும் கான்சலுக்கு உரிமையுண்டு. கேட்க வேண்டும் என்பதே நம்மவர்க்குத் தெரிவதில்லை.

துயரமான காரியம் ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் மரணத்தைப் பதிந்து, உடலை அனுப்பத் தடையின்மைச் சான்று தருவது தூதரகமே. வசதியற்ற குடும்பமாயின், 2009-இல் ஏற்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து செலவுக்கு உதவி கோரலாம். ஆனால் வாரிசின் சம்மதக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் இங்கிருந்து போக வேண்டும். மகன் எந்தக் கம்பெனியில் வேலை செய்தான் என்று பெற்றோர்க்கே தெரியாத இடங்களில் நாட்கள் வீணே கழிகின்றன. அந்த நாட்களில் அவ்வீடு படும் பாடு சொல்லுந் தரமன்று.

இக்காரணத்தால், புறப்படுமுன் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களையும் முதலாளியின் விலாசத்தையும் வீட்டில் வைத்துப் போகும்படி பஞ்சாயத்தார் வற்புறுத்த வேண்டும். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜண்டை நம்பலாகாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அவ்வாறு செல்வோருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீடு உண்டு. விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பாலிசி நகலையும் வீட்டிலேயே விட்டுச் செல்லச் சொல்லுங்கள். மற்றக் காகிதங்களோடு அதையும் சேர்த்து வைக்கலாம்.